ஊர் திரும்புபவரின் உரிமை: வியாபாரி தெரிந்திருக்க வேண்டியவை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "இருபது, முப்பது வருடம் வெளியில் இருந்துவிட்டு வருபவருக்கு இங்கே மீண்டும் உரிமை உண்டா? அவரைப் பங்காளியாகச் சேர்க்கலாமா? கடையை அவர் பெயரில் எழுதலாமா?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. அவர் எத்தனை வருடம் வெளியில் இருந்தார் என்பதை விட, என்ன பத்திரத்தோடு இருந்தார் என்பதே முக்கியம். திரும்பி வருபவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது வகை, சவூதி, கத்தார், குவைத் போன்ற நாடுகளில் உழைத்துவிட்டு வருபவர்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் போய் அதிலேயே திரும்பியவர் முப்பது வருடம் இருந்தாலும் பிரசாவுரிமையை இழக்கவில்லை. அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சீர்செய்து கொண்டால் போதும்.

இரண்டாவது வகை, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் பிரசாவுரிமையை எடுத்தவர்கள். முன்கூட்டியே அனுமதி பெறாமல் தாமாக விரும்பி வேறு நாட்டுப் பிரசையானவர் அப்போதே இலங்கைப் பிரசாவுரிமையை இழந்துவிடுகிறார். பலருக்கு இது தெரியாது. பழைய அடையாள அட்டை பையில் இருப்பதால் உரிமையும் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து இழந்ததை மீளப் பெறலாம். 2011இல் நிறுத்தப்பட்ட இந்த ஏற்பாடு 2015இல் மீண்டும் தொடங்கியது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வயது, கல்வித் தகைமை, இங்குள்ள சொத்து, வங்கி வைப்பு போன்றவற்றைப் பார்க்கும்.

இதில் வியாபாரிக்கு என்ன? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதற்குத் தடை இருக்கிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவரை அது கட்டுப்படுத்தாது. சிறு சில்லறை வியாபாரத்தில் வெளிநாட்டவர் முதலிடுவதற்கும் அந்நியச் செலாவணி விதிகளில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மச்சான் என்றாலும் சரி, கூட்டாளி என்றாலும் சரி, முற்பணம் கைமாறுவதற்கு முன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை நம் மலையகத்துக்கே உரியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக இங்கு வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. திருமணமானவருக்கு 7 வருடம், மற்றவருக்கு 10 வருடம். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. இது லயத்துத் தொழிலாளியை மட்டுமல்ல, இந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியையும் பாதித்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் கையில் தாள் இல்லாததால் தோற்றார்கள்.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் அதைப் பெற்றார்கள். ஆனால் யுத்தத்துக்கு அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் "இங்கு வசித்தவர்" என்ற நிபந்தனையில் சிக்கினார்கள். அந்தக் குறையை 2009ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கத் திருத்தம் தீர்த்தது. ஒப்பந்தப்படி இந்தியப் பிரசையாகிக் கப்பலேறியவர்களின் விடயம் வேறு. இந்தத் திருத்தம் அகதியாகப் போனவர்களுக்கே உரியது.

இலங்கைப் பிரசைக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஒரு வருடம் கடந்திருந்தால் தாமதப் பதிவுக்கு அனுமதி கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் வந்தால் பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாமே பிந்தும்.

இப்படித் திரும்புபவர் நம் கடைக்கு வந்து ஒரு கடிதம் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். நம் கடன் கொப்பி மட்டும் உரிமையைத் தந்துவிடாது. ஆனால் அவருடைய தகப்பன் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடம் என்று அதில் இருக்கும் வரி, தோட்ட அலுவலகத்திலும் பாடசாலையிலும் பிறப்புப் பதிவிலும் எதைத் தேடுவது என்று வழி காட்டலாம். தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். தெரியாததற்குக் கையொப்பம் வைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு.

கடைசியாக, உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். பாட்டனாரின் பிரசாவுரிமைப் பதிவுச் சான்றிதழ், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவு, கடை உறுதி ஆகியவை இருக்கின்றனவா? இருந்தால் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். கடையில் சரக்கு தீர்ந்தால் நாளைக்கே கொழும்பிலிருந்து எடுக்கலாம். எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு தாளை எங்கே போய் எடுப்பது?