உணவு உடலாகும் வகை

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு, ஆரணிப் பட்டினால் புகழ்பெற்ற வட்டாரத்தைச் சார்ந்த ஊராகும். அவ்வட்டாரத்துத் தறிகளில் ஓடும் பட்டிழை, புரதம் என்னும் பொருளால் ஆயது. மல்பெரி எனப்படும் முசுக்கட்டை இலையைப் பட்டுப்புழு உண்கிறது. இலையிலுள்ள புரதத்தைத் தன் குடலிற் பிரித்து, பிரிந்த கூறுகளைக்கொண்டு பட்டினைப் புதிதாக ஆக்குகிறது. இலை இலையாகவே பட்டாவதில்லை. மனிதன் உண்ணும் புரதமும் இவ்வாறு பிரிந்த பின்னரே உடலாகின்றது.

பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றில் புரதம் மிகுதி. அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் கோவையாக இணைந்ததே புரதம். அவ்வமிலங்கள் 20 வகைப்படும். நூல் ஒன்றேயாயினும் நெசவுக்கேற்பச் சேலை வேறுபடுதல் போல, இவை இணையும் முறைமைக்கேற்பப் புரதங்களும் வேறுபடுகின்றன. பருப்பின் புரதம் தசையின் புரதம் ஆகாது. ஆதலின் உடல் முதற்கண் உணவென்னும் ஆடையை இழை இழையாகப் பிரிக்கின்றது. பின்னரே தனக்குரியதை நெய்துகொள்கின்றது.

வாயில் உணவு நன்கு மெல்லப்படல் வேண்டும். இரைப்பையில் ஊறும் அமிலம் புரதத்தின் மடிப்புகளைத் தளர்த்துகிறது. பெப்சின் என்னும் நொதி அதனைத் துண்டங்களாக்குகிறது. எனினும் பெரும்பணி நிகழ்வது சிறுகுடலிலேயாம். கணையம் டிரிப்சின் முதலிய நொதிகளைக் குடலுக்கு அனுப்புகிறது. கணையமும் புரதத்தால் ஆயதன்றோ? நொதி அங்கேயே வேலை தொடங்கின் கணையத்தையே அழித்துவிடும். ஆதலின் உறையிலிட்ட வாள் போல, அது செயலற்ற நிலையில் அனுப்பப்படுகிறது. குடற்சுவரிலுள்ள மற்றொரு நொதியே அதனை உறை கழற்றிச் செயற்படுத்துகிறது. இயற்கையின் இவ்வேற்பாடு வியக்கத்தக்கது!

சிறுகுடலின் உட்புறம், நுண்ணிய விரல்களைப் போன்ற குடலுறிஞ்சிகள் எண்ணிறந்தன நிறைந்துள்ளன. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரோ அதனினும் குறைந்தோ உயரமுடையவை. புரதம் இங்கே தனி அமிலங்களாகவும், இரண்டு மூன்று இணைந்த சிறு துணுக்குகளாகவும் உயிரணுக்களுட் புகுகின்றது. அத்துணுக்குகளும் பெரும்பாலும் உள்ளே பிரிந்து தனி அமிலங்களாகின்றன. அவ்வமிலங்கள் குருதியிற் கலந்து முதலிற் கல்லீரலையும், பின்னர் உடல் முழுவதையும் அடைகின்றன.

குடலுறிஞ்சிகள் கெடின், உண்டும் பயனில்லை. இதனை அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டம் துன்பத்தினூடே அறிந்தது. சேத்துப்பட்டும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பரவிற்று. மக்கள் நெடுநாள் வயிற்றுப்போக்கால் வருந்தி மெலிந்தனர். உயிர் துறந்தோரும் உளர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் அவருடன் பணியாற்றியோரும் இந்நோயை ஆராய்ந்தனர். நோயாளரின் குடலுறிஞ்சிகள் குறுகிச் சிதைந்திருந்தமையின், உண்ட சத்து உடலிற் சேராது கழிந்தது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் என்னும் மருந்தும் பலருக்கு நலம் தந்தன.

ஆகவே, உண்பதனோடு உண்டதனைச் சேர்க்கும் குடலையும் பேணுதல் வேண்டும். தூய நீரைப் பருகுதலும், உண்ணுமுன் கை கழுவுதலும் குடலைக் காக்கும் அறங்களாம். உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் 9 உள்ளன. அவற்றை உணவே தருதல் வேண்டும். ஒரு நிற இழை குறையின் சேலை முற்றுப்பெறாதன்றோ? அரிசியிற் குறைந்த லைசின் பருப்பில் மிகுதி; பருப்பிற் குறைந்த மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோற்றொடு பருப்பைச் சேர்த்துண்ட நம் முன்னோர் வழக்கம், ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பும் நல்வழக்கமாகும்.