முதலில் தாளை முடிவுசெய்

அன்புள்ள தங்கைக்கு,

கறுப்பு-வெள்ளைப் படங்களை நீயே பிரிண்ட் எடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. எந்த மை நல்லது என்று கேட்டிருந்தாய். மைக்கு முன்னால் தாளை முடிவுசெய். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

தாள்கள் இரண்டு வகை. குளோஸி, லஸ்டர், பரைட்டா ஆகியவை பளபளப்பு வகை. பருத்தி இழையால் ஆன ராக் தாள்கள் பலவும் மேட் வகை. முன்னதற்கு போட்டோ பிளாக் மை, பின்னதற்கு மேட் பிளாக் மை. மாற்றிப் போட்டால் மேட் தாளில் கறுப்பு வெளிறிப்போகும். பளபளப்புத் தாளிலோ மை ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். கறுப்பின் அடர்த்தியை டென்சிட்டோமீட்டரில் அளந்தால் நல்ல பரைட்டா 2.2-ஐத் தாண்டும். மேட் தாள் பெரும்பாலும் 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். இதை வைத்து மேட் தாளைத் தாழ்வாக எண்ணாதே. இருள் அடர்ந்த இரவுத் தெருவுக்கு பரைட்டாவின் ஆழம் வேண்டும். பனிமூட்டத்துக்கும் முதியவரின் முகத்துக்கும் ஒளி தெறிக்காத மேட் தாளின் மென்மை பொருந்தும். உன் படங்கள் எதைக் கேட்கின்றன என்று பார்.

இனி மை. சுவரில் நெடுநாள் மாட்டவேண்டிய படத்துக்கு டை மையைவிட பிக்மென்ட் மையே உறுதி. அதிலும் சாம்பல் மைகள் உள்ள பிரிண்டரைத் தேடு. வண்ண மைகளைக் கலந்து உண்டாக்கும் சாம்பல், டியூப்லைட்டில் ஒரு சாயலும் வெயிலில் வேறு சாயலும் காட்டும். 2005-இல் எப்சன் கொண்டுவந்த கே3 மைத்தொகுதி கறுப்போடு இரண்டு வெளிர் கறுப்புகளையும் சேர்த்தது. வானம், தோல் போன்ற வெளிச்சப் பகுதிகளில் அடர் கறுப்புப் புள்ளி தனியாகத் துருத்தித் தெரியும். வெளிர் மை அதைத் தவிர்க்கிறது. ஜான் கோனின் பீசோகிராஃபி என்ற மைத்தொகுதி இன்னும் ஒருபடி மேலே போய், வண்ண மைகளின் இடங்களிலும் சாம்பல் சாயல்களையே நிரப்பியது. அதற்கென்றே ஒரு பிரிண்டரை ஒதுக்க முடிந்தால் மட்டும் அந்த வழிக்குப் போ.

செட்டிங்கில் முதலில் கவனிக்கவேண்டியது மீடியா டைப். எந்தக் கறுப்பு, எவ்வளவு மை என்பதை பிரிண்டர் அதைப் பார்த்தே தீர்மானிக்கிறது. தாள் தயாரிப்பாளர் சொல்லும் மீடியா டைப்பையே வை. மை அளவுக்கு மிஞ்சினால் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து அடைத்துப்போகும். எப்சனின் அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் ஒயிட் முறையில் அடித்தால் ஃபோட்டோஷாப்பில் வண்ண நிர்வாகத்தை பிரிண்டரிடம் விட்டுவிடு. ஐசிசி புரொஃபைல் பயன்படுத்தினால் டிரைவரில் வண்ண நிர்வாகத்தை அணைத்துவிடு. இரண்டும் சேர்ந்து இயங்கினால் டோன் கெடும்.

படத்தை அடிக்கும் முன், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகளில் கட்டங்கள் கொண்ட ஸ்டெப் வெட்ஜ் ஒன்றை அதே தாளில், அதே செட்டிங்கில் அடி. ஒரு நாள் உலரவிட்டு, படம் மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்தில் பார். கறுப்புப் பக்கத்தின் கடைசி மூன்று நான்கு கட்டங்கள் பிரிந்து தெரியவில்லை என்றால் உன் படத்தின் நிழல்களிலும் விவரம் இருக்காது. கர்வில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்கி மறுபடி அடி. திரையில் சரியாக இருப்பது தாளில் இருட்டாக விழுகிறது என்றால் மானிட்டரின் வெளிச்சத்தைக் குறை.

பால்வெள்ளையாக மினுங்கும் தாளைப் பார்த்து மயங்காதே. அந்த வெண்மை பெரும்பாலும் ஒளிர்வேதிப்பொருள் தருவது. அது தேயத் தேயத் தாள் மஞ்சளாகும். விற்பதற்கும் காப்பதற்கும் அது கலக்காத தாளை வாங்கு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒரு புதுத் தாள் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு எந்தத் தாளும் வசப்படுவதில்லை. ஒரே தாளோடு நெடுநாள் பழகு. அதன் கறுப்பு எங்கே நிற்கும், வெள்ளை எங்கே தொடங்கும் என்று தெரிந்துவிட்டால், படம் எடுக்கும்போதே பிரிண்ட் உன் கண்ணில் தெரியும்.

அடுத்த கடிதத்தோடு உன் ஸ்டெப் வெட்ஜை அனுப்பு. எந்தக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டன என்று நீ கண்டதையும் எழுது. அதை வைத்து மேலே பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்