ஆய்வுக்கூட எலிகளும் குடிநீரும்

உயிரியல் ஆராய்ச்சியில் எலிக்கும் சுண்டெலிக்கும் உள்ள இடம் யாவரும் அறிந்ததே. அவற்றின் தீனியை நிறுத்துக் குறித்துக்கொள்ளும் நாம், நீரைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை.

30 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிலிட்டர் நீர் பருகும். 300 கிராம் எலிக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் வேண்டும். சிறிய அளவுதான். ஆனால் அது கிடைக்காவிடில் எலி தீனியையும் குறைத்துக்கொள்ளும், எடை இறங்கும். மருந்தின் விளைவென்று நாம் எழுதிவைப்பது உண்மையில் தாகத்தின் விளைவாயிருக்கும்!

தூய நீரை ஊற்றினாலும் அது எவ்வாறு கெடுகிறது? கவிழ்த்து வைத்த புட்டியின் குழாயை எலி நக்கும்போது, வெளியேறும் நீருக்கு ஈடாகக் காற்றுக் குமிழி உள்ளே ஏறுகிறது. அத்துடன் உமிழ்நீரும் தீனித்துகளும் நுழைகின்றன. நுண்ணுயிர்கள் பெருகி, புட்டியின் உட்புறத்தில் வழவழப்பான படலமாகப் படிகின்றன. இவற்றுள் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியம் நலமான சுண்டெலியைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. கதிர்வீச்சால் எதிர்ப்பாற்றல் இழந்த சுண்டெலியையோ கொன்றுவிடும்.

ஆகவே பழைய நீரின்மேல் புதுநீர் ஊற்றுதல் தகாது. புட்டி, தக்கை, குழாய் மூன்றையும் கழுவி, வாரம் இரு முறையேனும் மாற்றுதல் நன்று. எதிர்ப்பாற்றல் குன்றிய விலங்குகளுக்கு, ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலத்தில் நுண்ணுயிர் நீக்கிய நீரைத் தரலாம். அல்லது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, நீரின் பி.எச். எண்ணை 2.5 முதல் 3 வரை வைக்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் புளிப்பு மிகும்; எலி நீரைக் குறைத்துக்கொள்ளும். குளோரின் கலப்பதும் வழக்கம். ஆனால் குளோரின் கரைசலோடு அமிலத்தை ஒருபோதும் கலத்தலாகாது. நச்சு வாயு எழும்.

நீரில் கசப்பு மருந்து கலந்தாலும் இதே தொல்லைதான். புட்டியை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தாலன்றி, எலி பருகிய மருந்தின் அளவு தெரியாது.

புட்டி நிறைந்திருப்பதும் நற்சான்றாகாது, குழாய் அடைபட்டிருக்கலாம். கவிழ்த்தபின் குழாய் முனையை விரலால் தொட்டு, துளி வருகிறதா என்று பாருங்கள். பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள். முனை கீழே பரப்பிய உமியைத் தொட்டால், நீர் முழுதும் வடிந்து கூடு நனையும்; எலி தாகத்தால் தவிக்கும்.

பொங்கல் விடுமுறைக்கு நாம் ஊருக்கு ரயிலேறுவோம். கூட்டிலுள்ள எலிக்கு விடுமுறை ஏது? புறப்படுமுன், நாள்தோறும் புட்டியைப் பார்ப்பவர் யார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கேட்டுப் பெற வாயில்லாத உயிருக்கு நாம் செலுத்தும் முதற் கடமை அது.