திரையைக் காட்டுவது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு

ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டரில் பிரின்டர் மக்கர் பண்ணினால், இங்கிருந்தபடியே சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது? இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருப்பாரா என்பதைத்தான். இதை யோசிக்காமல் தேடுவதால்தான் தவறான நம்பிக்கைகள் பரவுகின்றன.

நம்பிக்கை: விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே, அது போதும்.

உண்மை: அது ஆளில்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கானது. நீங்கள் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். "அப்பா, இதைத்தான் அழுத்தணும், பாருங்க" என்று காட்ட முடியாது. அதோடு, விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டருக்குள் இந்த வழியில் நுழையவே முடியாது, புரோ வேண்டும். இருவரும் ஒரே திரையைப் பார்க்க, குவிக் அசிஸ்ட் என்ற இன்னொரு வசதியை மைக்ரோசாஃப்டே தருகிறது. உதவி செய்பவருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும்.

இன்னொன்று. ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்கும் அலுவலகங்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆன விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. விபிஎன் வழியாக மட்டும் நுழையுங்கள்.

நம்பிக்கை: டீம்வியூவர், எனிடெஸ்க் எல்லாம் இலவசம்.

உண்மை: சொந்த உபயோகத்துக்கு மட்டும். கடைக்கோ அலுவலகத்துக்கோ உரிமம் வாங்க வேண்டும். இவற்றுக்கு மாற்றான ரஸ்ட்டெஸ்க் திறமூல மென்பொருள். சர்வரைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: என்கிரிப்ஷன் இருக்கிறது, யாரும் உள்ளே வர முடியாது.

உண்மை: இந்த நம்பிக்கைதான் பலரின் சேமிப்பைக் கரைக்கிறது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் என்கிரிப்ஷன் காக்கும். மறுமுனையில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. எனிடெஸ்க் வழியாக நடக்கும் பணமோசடி பற்றி 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல் வரும். போனில் செயலியை இறக்கச் சொல்லும், திரையில் தெரியும் எண்ணைக் கேட்கும், "அக்செப்ட் கொடுங்க சார்" என்று அவசரப்படுத்தும். அழுத்திவிட்டால், போனுக்கு வரும் ஓடிபி அவர்கள் கண்முன்னே விரியும். இங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. நாமே கதவைத் திறந்துவிட்டோம்.

அதனால் பெற்றோருக்கு இதை அமைத்துத் தரும்போது, ஆளில்லாமலே நுழையவிடும் நிரந்தரக் கடவுச்சொல்லை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் இணைப்பை அவர்களையே துண்டிக்கச் சொல்லுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று திரையில் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். தாங்களாகப் போன் செய்து கேட்காத உதவிக்கு எண்ணைச் சொல்லவே கூடாது என்று சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.