பெல்ட் வழுக்கினால் முதலில் கறையைப் பாருங்கள்

த்ராட்டிலை அழுத்தினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் அசைந்து அசைந்து போகிறது. ரப்பர் கருகும் வாடை வேறு. எஸ்டேட்டிலும் ரிசார்ட்டிலும் ஏடிவி வைத்திருப்பவர்கள் இந்த நிலையில் செய்யும் முதல் காரியம், புது பெல்ட் வாங்கிப் போடுவது. கோளாறு உள்ளேயே இருந்தால் புது பெல்ட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும். அதனால் பெல்ட் மூடியைக் கழற்றியதும் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். என்ன படிந்திருக்கிறது, எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லா ஏடிவியிலும் பெல்ட் கிடையாது. ஹோண்டாவின் பல மாடல்கள் கியர்பாக்ஸிலேயே ஓடுகின்றன. போலாரிஸ், கேன்-ஆம், யமஹா கிரிஸ்லி போன்றவற்றில் ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்ற சிவிடி அமைப்பு உண்டு. முன்னும் பின்னும் இரண்டு புல்லிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சரிவான தட்டுகள் பெல்ட்டைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கின்றன. பிடிமானம் முழுவதும் பெல்ட்டின் இரு பக்கச் சுவர்களில்தான். அங்கே எது ஏறினாலும் வழுக்கும்.

கறை சொல்லும் காரணம்

உலர்ந்த கரும்பொடி: ஊதினால் பறக்கும். கொஞ்சம் இருந்தால் வழக்கமான தேய்மானம். குவியலாக இருந்தால் பெல்ட் சூடாகித் தேய்கிறது. காற்று வரும் குழாயும் அதன் பில்டரும் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

பிசுபிசுப்பான கருப்பு: இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் வழவழக்கும். இது எண்ணெய். முன் புல்லிக்குப் பின்னால் நனைந்திருந்தால் கிராங்க் ஆயில் சீல். பின் புல்லிக்குப் பின்னால் என்றால் கியர்பாக்ஸ் சீல். இரண்டு இடமும் காய்ந்திருந்து, புல்லியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கோடு கோடாகத் தெறித்திருந்தால், சர்வீஸில் கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடிப் பளபளப்பு: பெல்ட்டின் பக்கங்கள் மினுங்கும், புல்லித் தட்டில் ரப்பர் தீய்ந்து ஒட்டியிருக்கும். ஹை கியரில் மேட்டில் ஊர்ந்தது, டிரெய்லர் இழுத்தது, பெரிய டயர் மாட்டியது ஆகியவை வழக்கமான காரணங்கள். மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டும்போது லோ கியர் போடச் சொல்கின்றன போலாரிஸ் கையேடுகள். மேட்டிலும் சேற்றிலும் அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

ஒரே இடத்தில் பள்ளம்: சக்கரம் சேற்றில் சிக்கி அசையாதபோது த்ராட்டிலை விடாமல் பிடித்ததன் தழும்பு. பெல்ட் நிற்க, முன் புல்லி மட்டும் அதே இடத்தை அரைத்துத் தள்ளிவிடுகிறது. ஓடும்போது சுற்றுக்கு ஒரு முறை ‘தட்’ என்று இடிக்கும். இதற்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

சேற்று நீர்க் கோடு: தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. பெல்ட் மூடியின் டிரெயின் பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினைச் சில விநாடிகள் உறுமவிட்டால் நீர் வெளியேறும். பிறகு லோ கியரில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் மறுபடி செய்யுங்கள். மூடியின் ரப்பர் சீலும் குழாயின் கிளாம்ப்பும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் அடுத்த ஓடையில் இறங்காதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, புல்லி ஆறிய பிறகே கை வையுங்கள். எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் சீலை மாற்றுங்கள். கசிவை விட்டுவிட்டுத் துடைப்பது வீண் வேலை.

ஒட்டிய ரப்பரைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து, துணியில் கருப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ஸ்பிரேயை நேரே புல்லியில் அடித்தால் உள் பேரிங்கின் கிரீஸ் கரைந்து மறுபடி தட்டுக்கே வரும். கடைசியாக, தட்டின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். படி மாதிரி எதுவும் நகத்தில் தட்டினால் புல்லியே தேய்ந்துவிட்டது.

பெல்ட்டுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். எண்ணெய் ஊறிய பெல்ட் இனித் தேறாது. நல்லதாகத் தெரிந்தாலும் வெர்னியர் காலிப்பரால் அகலத்தை அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். விரிசலோ நூல் பிரிந்த ஓரமோ இருந்தால் அளக்கவே வேண்டாம்.

மாட்டும்போது

கழற்றும் முன்பே பெல்ட் சுற்றும் திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அம்பு இருந்தால் அதுவே வழிகாட்டி. புது பெல்ட்டையும் ஒரு முறை சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்டலாம், அச்சிலிருந்து வந்த பூச்சு போய்விடும். முதல் 50 கிலோமீட்டர் வரை முழு த்ராட்டில், பாரம், இழுவை மூன்றும் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வழுக்கினால் சந்தேகம் ஸ்பிரிங், ரோலர் பக்கம் திரும்ப வேண்டும். புல்லியைப் பிரிக்கத் தனிக் கருவி தேவை, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் காயப்படுத்திவிடும், மெக்கானிக்கிடம் விடுங்கள். பெல்ட்டை மாற்றியிருந்தால், போகும்போது கழற்றிய பழைய பெல்ட்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். நீங்கள் வாயால் சொல்லும் புகாரைவிட அதைப் பார்த்து அவர் அதிகம் தெரிந்துகொள்வார்.