நீரில் திண்பரப்பின்மீது படியும் மூலக்கூறுகள்

இரும்புத் தாதுவினின்று குவார்ட்சை நீக்க நுரைமிதப்பு முறை கையாளப்படுகிறது. பொடித்த தாதுவை நீரில் கலக்கி, அமீன் வகைச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்துக் காற்றைச் செலுத்தினால், குவார்ட்சுத் துகள்கள் குமிழிகளைப் பற்றி மேலெழுகின்றன. ஸ்டார்ச்சு சேர்க்கப்படுவதால் இரும்பு ஆக்ஸைடு அடியிலேயே தங்குகிறது. அமீன் குறைந்தால் குவார்ட்சு மிதவாது என்பது எளிதில் விளங்கும். அளவு மீறினாலும் மிதப்பு குன்றுவதுண்டு. விளக்கம் வேண்டுவது இதுவே.

இத்தகைய பரப்புவினைப் பொருளின் மூலக்கூறு தலையும் வாலும் உடையது. தலை நீரை நாடும். பன்னிரண்டோ பதினாறோ கார்பன் அணுக்கள் கோத்த வால் நீரை விலக்கும். நீரில் குவார்ட்சின் பரப்பு பொதுவாக எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அமீனின் தலையோ நேர்மின்னேற்றமுடையது. ஆகவே தலை பரப்பில் ஒட்டுகிறது. செறிவு மிகக் குறைவாயிருக்கையில் அயனிகள் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. ஒரு வரம்பு கடந்ததும் அவற்றின் வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டங்களாகின்றன. குவார்ட்சுத் துகள்களிடையே கரைசல் பாயும்போது தோன்றும் மின்னழுத்தத்தை அளந்த காடினும் ஃபூர்ஸ்டெனாவும் 1955-இல் இக்கூட்டங்களை ‘அரை மிசெல்’ என்றனர். வால்கள் நீரை நோக்கி நிற்பதால் துகள் நனைவதில்லை, குமிழியைப் பற்றுகிறது.

மேலும் சேர்த்தால் வாலோடு வால் பொருந்த, இரண்டாம் வரிசை தலைகீழாக அமைகிறது. தலைகள் வெளிப்புறம் வருவதால் பரப்பு மீண்டும் நனைகிறது. மிகையாக இட்ட சரக்கே வேலையைக் கெடுக்கிறது.

பாடநூல்கள் இவ்வரிசைகளைச் சமதளப் படலங்களாகவே வரைவது வழக்கம். உண்மை அத்துணை எளிதன்று. மான்னேயும் காபும் அணுவிசை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இவ்வகைப் பொருள்கள் அப்பிரகத்தின்மேல் உருளைகளாகவும், சிலிக்காவின்மேல் உருண்டைகளாகவும், வால் படுத்துக்கிடக்கும் கிராஃபைட்டின்மேல் அரை உருளைகளாகவும் அமைகின்றன.

வகுப்பில் இதனைக் காட்டக் கண்ணாடித் துண்டு போதும். அதுவும் பெரும்பாலும் சிலிக்காவே. செட்டில் டிரைமெதில் அம்மோனியம் புரோமைடை லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் ஒரு கரைசலும், 1 கிராம் வீதம் மற்றொன்றும் தயாரிக்க வேண்டும். முதலாவதில் தோய்த்தெடுத்த கண்ணாடியில் நீர் பின்வாங்கித் துளிகளாகத் திரளும். இரண்டாவதில் படலமாகப் பரவி நிற்கும். விரல்ரேகை பட்ட கண்ணாடி ஏமாற்றிவிடும். குளிர்ந்த அறையில் அப்பொருள் படிகமாகப் பிரியுமாதலால் கரைசலை 30 பாகை செல்சியசில் வைத்தல் நலம். தோலை உறுத்துவதால் கையில் படலாகாது.