பதினாலு வயசில் ஒலிம்பிக் தங்கம்



இந்த இதழில் கிறிஸ்டினா எகெர்செகி என்ற நீச்சல் வீராங்கனையைப் பற்றித் தெரிந்து கொள்வோம். ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி நாட்டுக்காரர். தலைநகர் புடாபெஸ்ட்டில் 16.8.1974 அன்று பிறந்தார்.

இவர் பேர் வாங்கியது மல்லாந்த நீச்சலில். நம்ம கிணத்தில் மல்லாக்க நீச்சல் அடிப்பாங்களே, அதுதான். இதில் முகம் வானத்தைப் பார்த்திருக்கும். சுவர் தலைக்குப் பின்னாடி வரும், கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போய் மோதினால் மண்டை என்ன ஆகும்? அதனால் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே கொடிக்கயிறு கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேலே வந்ததும் கை வீச்சை எண்ண வேண்டும். எத்தனையாவது வீச்சில் சுவர் வரும் என்பது தினமும் பழகினால்தான் பிடிபடும். ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். 200 மீட்டர் போட்டி என்றால் நாலு தடவை.

1988-ல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அப்போது எகெர்செகிக்கு வயது 14. அதாவது எங்கள் ஒன்பதாம் வகுப்பு வயசு! எடை 45 கிலோதான். 100 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 200 மீட்டரை 2 நிமிடம் 9.29 வினாடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். ஹங்கேரி மொழியில் 'எகேர்' என்றால் எலி. அதனால் இவரைச் சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

1991-ல் அதே 200 மீட்டரை 2 நிமிடம் 6.62 வினாடியில் முடித்து உலக சாதனை செய்தார். அந்தச் சாதனையை 2008 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார்.

எப்போதும் ஜெயிக்கவும் இல்லை. 1994 ரோம் உலகப் போட்டியில் 200 மீட்டரில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அதோடு விட்டுவிடவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிப் பாருங்கள். அவர் சுவரைத் தொட்டு அத்தனை வினாடிக்குப் பிறகுதான் இரண்டாவது ஆள் வந்தார்! நீச்சலில் தனிநபர் போட்டிகளில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண் இவர்தான். அந்த வெற்றியோடு ஓய்வு பெற்றார்.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நம்ம ஊரில் பசங்க கிணத்தில் நீச்சல் பழகுறாங்க. பொண்ணுங்க ஆறாம் வகுப்பு வந்துட்டா கிணத்துப் பக்கமே விடமாட்டாங்க. ஆனால் ஏரிக்குத் துணி துவைக்கப் போவது யார்? நாங்கதானே! கால் வழுக்கினால் என்ன செய்வது? மல்லாக்க மிதக்கத் தெரிந்தால் மூக்கும் வாயும் தண்ணிக்கு மேலே இருக்கும். ஆள் வரும்வரை மூச்சு விடலாம். மெடல் கிடைக்காவிட்டாலும் உயிர் மிஞ்சும்.

ஆகவே தனியாக யாரும் தண்ணியில் இறங்காதீர்கள். தெரிந்த பெரியவர்கள் துணையோடு கற்றுக்கொள்ளுங்கள். மாணவிகளுக்கும் நீச்சல் சொல்லித்தரும்படி ஆசிரியர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி